சிவப்பு ஸ்டூலும் வாசிக்கத் தெரிந்த பூனையும்

அன்புள்ள டீச்சர்,

உங்கள் சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். எழும்ப முடியாது. முழங்காலுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, பயப்படாதீர்கள். தரம் இரண்டில் கவிஷா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'டீச்சர் உக்காருங்க' என்று எழுதியிருந்தது. உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி என்று அதிபர் மணியை அடிக்க, வகுப்பு முழுவதும் மைதானத்துக்கு ஓடிவிட்டது. கவிஷாவும் ஓடிவிட்டாள். என்னை எழும்பச் சொல்லி எழுத மறந்துபோனாள்.

சட்டம் நீங்கள் போட்டது. தாளில் எழுதியதைச் செய்ய வேண்டும், எழுதாததைச் செய்யக் கூடாது. ஆகவே இருக்கிறேன். தரம் ஐந்து மாஸ்டர் வாசலில் எட்டிப்பார்த்து, "என்னங்க டீச்சர், கிரவுண்டுக்கு வரலீங்களா?" என்று கேட்டார். "எனக்கு இன்னும் உத்தரவு வரலீங்க" என்றேன். அவர் புதிதாக வந்தவர். அதிபரோடு எனக்கு ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக நழுவிவிட்டார்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்த ஸ்டூலின் நடுவில் உள்ள ஓட்டையை விரல் தடவிக்கொண்டிருப்பது தெரிந்தது. உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. கராம்பு வாசமும் சேர்ந்து வந்தது. தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் ஒரு கராம்பைக் கடைவாயில் ஒதுக்கி வைத்திருப்பீர்களே, அந்த வாசம்.

அக்குறணையில் உங்கள் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். ஒரு கால் கொஞ்சம் கோணலாக வந்ததால் விற்க முடியாமல் போன ஸ்டூல் இது. தொற்றுக்குப் பயந்து பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிக் கிடந்த அந்தக் காலத்தில் நீங்கள்தான் இதற்கு வேலை கொடுத்தீர்கள். ஓட்டைக்கு மேலே போனை, அதன் கமரா கீழே பார்க்கும்படி படுக்க வைத்து, ஸ்டூலுக்குக் கீழே தாளை வைத்து, கையை உள்ளே விட்டு எழுதுவீர்கள். போன் மேலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். எனக்கு வீடியோ காலில் அதைக் காட்டியபோது உங்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

"எங்கட வீட்டு ஸ்டூடியோ புள்ள! வாடகை இல்ல."

நீங்கள் தரம் இரண்டுக்கு டீச்சர், நான் தரம் ஒன்றுக்கு. நான் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றிலேயே பிறந்து, இந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, இங்கேயே டீச்சராக வந்தவள். நீங்கள் அக்குறணையிலிருந்து கண்டிக்கு வந்து, அங்கிருந்து வத்தேகமவுக்கு ஒன்று, பன்விலைக்கு ஒன்று என்று பஸ் மாறி மாறி வந்து சேர்வீர்கள். ஒரே வயதுக்காரிகள். ஆனால் முதல் நாளிலிருந்தே என்னைப் 'புள்ள' என்றுதான் கூப்பிட்டீர்கள். நான் கடைசிவரை உங்களை 'டீச்சர்' என்றேன். அதை மாற்றிக்கொள்ள இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை.

பள்ளிக்கூடம் மூடியதும் போனில் பாடம் நடத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு போன் இருந்தால் பெரிய விசயம். அதுவும் கொழுந்து எடுக்கப் போகும் அம்மாவின் பைக்குள் மலையேறிவிடும். அவள் வீட்டுக்கு வந்த பிறகு சிக்னலைத் தேட வேண்டும். மேல் லயத்தில் தண்ணீர் சேர்த்து வைக்கும் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்தான் படம் இறங்கும். பின்னேரமானால் பிள்ளைகள் எல்லோரும் தாங்கியைச் சுற்றிப் போனும் கையுமாக நிற்பார்கள். கோவில் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக வந்து நின்றதில்லை.

"இதெல்லாம் நடக்கிற காரியமா டீச்சர்?" என்று உங்களிடம் புலம்பினேன்.

"நடக்குதா இல்லையாண்டு நடத்திப் பாத்தாத்தானே தெரியும்" என்றீர்கள்.

நடத்தினீர்கள். பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் பெற்றோரின் போன் குழுவில் போடுவீர்கள். கூடவே அந்தப் பக்கத்தை நீங்களே வாசித்துப் பதிவு செய்த ஒரு வொய்ஸ். பிள்ளைகள் அதைக் கேட்டு, படத்தைப் பார்த்து, தாங்களே வாசித்து வொய்ஸ் அனுப்ப வேண்டும். நானும் உங்களைப் பார்த்து அப்படியே செய்தேன். கொஞ்ச நாளிலேயே பிள்ளைகளின் வொய்ஸ்கள் வந்து குவிந்தன. பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எழுத்துக் கூட்டித் திணறிய பிள்ளைகள் எல்லாம் தடங்கல் இல்லாமல் வாசித்தார்கள். எல்லோரிலும் நன்றாக வாசித்தவள் சஞ்சனா. மேல் லயத்துக் கொழுந்துக்காரப் பெண்ணின் மகள். முதல் வருடம் என்னிடம் இருந்தபோது 'அ'வைக் காட்டினால் கூரையைப் பார்ப்பாள். அவளா இப்படி என்று நான் பூரித்துப் போனேன். அவளுடைய வொய்ஸை நீங்கள் கல்வி வலயத்து ஆசிரியர்களின் குழுவில் போட்டீர்கள். கைதட்டும் படங்களும் பூப்படங்களும் வந்து விழுந்தன. அதிபர் ஒரு படி மேலே போய், அடுத்த வாரம் வலயத்தின் ஒன்லைன் கூட்டத்தில் சஞ்சனாவை நேரடியாக வாசிக்க வைப்போம் என்று அறிவித்துவிட்டார்.

அதற்கு இரண்டொரு நாளில் நீங்கள் போன் எடுத்தீர்கள்.

"புள்ள, சஞ்சனாட புதிய வொய்ஸக் கேட்டீங்களா?"

"கேட்டேன் டீச்சர். என்னா அழகா வாசிக்குது!"

"திரும்பக் கேளுங்கோ. என்ட பூன அதுல ஈக்கி."

உங்கள் பூனை அதில் எப்படி இருக்கும் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். சந்தைக்குப் போகும் குடும்பத்தைப் பற்றிய பக்கம் அது. சஞ்சனாவின் குரல் கணீரென்று வந்தது. "அம்மா சந்தைக்குப் போனார். தம்பியும் கூடப் போனான். சூ, போ அங்கால, போ. தம்பி ஒரு பட்டம் வாங்கினான்."

நீங்கள் அந்தப் பக்கத்தை வாசித்துப் பதிவு செய்தபோது உங்கள் வீட்டுப் பூனை மடியில் ஏறியிருக்கிறது. அதை விரட்டிவிட்டு மிச்சத்தை வாசித்திருக்கிறீர்கள். சஞ்சனா பூனையை விரட்டியதையும் சேர்த்து வாசித்துவிட்டாள். உங்கள் குரலில் இருந்த அதே சலிப்பு, அதே நீட்டு, அதே 'அங்கால'. நமது தோட்டத்தில் 'அந்தப் பக்கம்' என்போமே தவிர யாரும் 'அங்கால' என்று சொல்வதில்லை. மற்றப் பிள்ளைகளின் வொய்ஸ்களை எடுத்துக் கேட்டோம். முக்கால்வாசிப் பேர் பூனையை விரட்டியிருந்தார்கள். ஒரு பையன் கடைசியில் நீங்கள் இருமியதையும் விடவில்லை.

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் விலாவில் இருக்கிறது. போனின் அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், இரண்டு பேருக்கும் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு நீங்கள் சட்டென்று நிறுத்திவிட்டீர்கள்.

"சிரிக்கிற விசயம் இல்ல புள்ள. இதுகளுக்கு ஒரு எழுத்தும் தெரியா. நாங்க காதுக்குத்தான் படிச்சுக் குடுத்தீக்கி."

உறுதி செய்துகொள்ள அதே பக்கத்தை, வரிகளை இடம் மாற்றி எழுதி, படமெடுத்துச் சஞ்சனாவுக்கு அனுப்பினீர்கள். அவள் பழைய வரிசையில்தான் வாசித்தாள். பூனையும் பழைய இடத்திலேயே வந்தது.

அதிபருக்கு இதைச் சொன்னபோது அவர் சங்கடப்பட்டார். கூட்டத்துக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. பெயர் கொடுத்தாகிவிட்டது. "புள்ள மனப்பாடமா சொன்னா என்னங்க டீச்சர், கேக்கிறவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார். மோசமான மனிதர் இல்லை அவர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல பெயர் வரட்டுமே என்ற ஆசை. நீங்கள் பணிவாகத்தான் பதில் சொன்னீர்கள். ஆனால் இறங்கி வரவில்லை.

"அந்தப் புள்ளய வெச்சுக் கூத்துக் காட்ட என்னால ஏலா சேர். நாளைக்கு வாசிக்கத் தெரியாம அது முழிக்கிற நேரம் இந்தக் கைதட்டல் ஒன்னும் உதவாது. நான் பூனையக் கொண்டாந்து காட்டுற."

சொன்னபடி கூட்டத்தில் நீங்கள் அந்த வொய்ஸைப் போட்டுக் காட்டினீர்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல். முதலில் உங்கள் வாசிப்பு, பிறகு பிள்ளையுடையது. திரையில் இருந்த சின்னச் சின்னப் பெட்டிகளில் ஒரு முகம் கூட அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து ஹுன்னஸ்கிரியப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் டீச்சர் மைக்கைத் திறந்து, "எங்க புள்ளைங்களும் இதே கததான் டீச்சர். நாங்கதான் வெளிய சொல்லல" என்றார். அதன் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனது. அதிபரும் கடைசியில் தலையாட்டினார்.

அடுத்து என்ன செய்வது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை. ஒரு நாள் நான் சலிப்பில் சொன்னேன்: "காதால கேட்டே எல்லாத்தையும் சொல்லிடுதுங்க டீச்சர். அதுங்களுக்கு எழுத்து எதுக்கு?"

நீங்கள் கராம்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"மெய்தான். அப்பக் காது உதவாத மாதிரி ஒன்னு செய்யோணும்."

மறுநாள் குழுவில் சத்தமே இல்லாத ஒரு வீடியோ வந்தது. ஸ்டூலின் ஓட்டை வழியாக உங்கள் கை தெரிந்தது. தாளில் 'நட' என்று எழுதியது. பிறகு போனைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தீர்கள். அடுத்து 'குடி'. ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடித்தீர்கள். அடுத்து 'சிரி'. நீங்கள் சிரித்த சிரிப்பில் சத்தம் இல்லாததால் நான் இன்னும் அதிகமாகச் சிரித்தேன். நமது பாஷையில் ஒருவரை வேலை வாங்க இரண்டு எழுத்துப் போதும் என்று நான் அன்றுதான் யோசித்தேன். ஆடு, பாடு, ஓடு, படி, எடு. இத்தனை வருடம் படிப்பித்தும் தோன்றாமல் இருந்தது.

அதற்குக் கீழே பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வொய்ஸ் போட்டீர்கள். இனி நான் வாசிக்க மாட்டேன், நீங்கள் எழுதி அனுப்புங்கள், எழுதியதை நான் செய்வேன், எழுதாததைச் செய்ய மாட்டேன், விளங்காவிட்டால் முழித்துக்கொண்டு நிற்பேன்.

தண்ணித் தாங்கியடி அமர்க்களப்பட்டது. டீச்சரை ஆட்டிவைக்கலாம் என்றால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்? தாள் தாளாகப் படமெடுத்து அனுப்பினார்கள். அரைவாசி விளங்கவில்லை. நீங்கள் நெற்றியில் கை வைத்து முழித்துக்கொண்டு நின்ற வீடியோக்கள் திரும்பிப் போயின. பிள்ளைகள் மறுபடி எழுதினார்கள். விளங்கியபோது செய்தீர்கள். ஓடச் சொன்னால் ஓடினீர்கள். ஒரு பிள்ளை ஆடச் சொல்லி எழுத, மருமகள் முறைக்காரி ஒருத்தி வாசலில் வந்து நிற்பதைக் கவனிக்காமல் ஆடி முடித்து, ஒரு வாரம் அந்த வெட்கத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

தாய்மாருக்குத்தான் பதறியது. 'டீச்சர் ஓடு' என்று பிள்ளை எழுதியதைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா அழாத குறையாக வொய்ஸ் போட்டிருந்தாள். "மன்னிச்சுக்கங்க டீச்சர், புள்ள மரியாத இல்லாம எழுதிருச்சு. நாங்க அப்படி வளக்கலீங்க." நீங்கள் அதை எனக்குப் போட்டுக் காட்டி, "அடுத்த பாடம் கிடைச்சிட்டு" என்றீர்கள். அடுத்த நாள் 'ங்க' வந்தது. 'ஓடு'வுக்குப் பக்கத்தில் ஒரு வாலை ஒட்டினால் 'ஓடுங்க'. நான் தரம் ஒன்றில் 'ங'வைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியும் பிள்ளைகள் அதை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். டீச்சருக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்றதும் அந்தப் பூச்சி ஒரே வாரத்தில் எல்லோர் கைக்கும் பழகிவிட்டது.

ஆனால் சஞ்சனாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பூனையின் கதை எப்படியோ லயத்துக்குள் பரவிவிட்டது. பிள்ளைகள் அவளைப் 'பூனை' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தாங்களும் பூனையை விரட்டியவர்கள்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள். நேற்றுவரை எல்லோரும் மெச்சிய பிள்ளை அவள். இப்போது தாங்கியடிக்கே வருவதில்லை. நான் வீட்டு வாசலில் தூரமாய் நின்று விசாரித்தேன். "போனையே தொடமாட்டேங்குது டீச்சர். பொஸ்தகத்த எடுன்னா பாய்க்குள்ள போய் ஒளிஞ்சுக்குது. இதுக்குப் படிப்பு வராது போல" என்றாள் அவள் அம்மா. கடைசி வார்த்தையை அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு வீட்டில் அந்த வார்த்தை ஒருதரம் பழகிவிட்டால் பிள்ளையும் அதை நம்பிவிடும். அப்படி நம்பிவிட்டுக் கொழுந்து எடுக்க மலைக்குப் போன பெண்கள் என்னோடு படித்தவர்களிலேயே இருக்கிறார்கள்.

உங்களிடம் சொன்னேன். நீங்கள் கேலி செய்யவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "பூன கெடுத்தத பூனையே சரி பண்ணட்டும்" என்றீர்கள்.

சஞ்சனாவின் அம்மாவின் போனுக்கு மட்டும் ஒரு வீடியோ அனுப்பினீர்கள். உங்கள் வெள்ளைப் பூனை சுவரோரம் படுத்திருக்கிறது. நீங்கள் 'வா' என்று எழுதிய தாளை அதற்குக் காட்டுகிறீர்கள். பூனை பார்க்கிறது, வாயைத் திறந்து கொட்டாவி விடுகிறது. 'போ' என்று காட்டுகிறீர்கள். அது காலை நீட்டிப் படுத்துவிடுகிறது. கடைசியில் உங்கள் குரல்: "சஞ்சனா, இந்தப் பூனைக்கு நான் எழுதினா விளங்குதில்ல மகள். என்ட எழுத்து சரியில்ல போல. நீங்க ஒருக்கா எழுதிப் பாருங்கோ."

ஒரு நாள் போனது. மறுநாள் போனது. மூன்றாம் நாள் பின்னேரம் அவள் அம்மாவின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. பிஸ்கட் பெட்டியைக் கிழித்து எடுத்த அட்டை. அதில் பெரிய பெரிய எழுத்தில், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக, 'பூனை வா'. 'னை'யைப் பலதரம் அழித்து எழுதிய தடம் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம். பாயில் ஒளிந்துகொண்டு புத்தகத்தில் பூனைப் படம் உள்ள பக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறாள்.

அதற்கு நீங்கள் செய்த வேலை இருக்கிறதே! அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே ஒரு தாளில் எழுதினீர்கள், கோணலும் மாணலுமாக, அவள் எழுதிய மாதிரியே. தாளுக்குப் பின்னால் ஒரு மாசிக் கருவாட்டுத் துண்டைப் பிடித்துக்கொண்டீர்கள். பூனை தலையைத் தூக்கியது. மூக்கை ஆட்டியது. எழும்பி நேரே தாளை நோக்கி நடந்து வந்து 'வா'வில் முகத்தைத் தேய்த்தது.

அன்றைக்குத் தண்ணித் தாங்கியடியில் என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சஞ்சனா அந்த வீடியோவை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே கொண்டுபோய்ப் பிடித்தாள். "பாருங்க, பூன என் எழுத்த வாசிச்சிருச்சு! டீச்சர் எழுதினா வாசிக்கல, நான் எழுதினாத்தான் வாசிக்குது!" பூனை என்று கேலி செய்த பையன்களுக்கு வாயடைத்துப் போயிற்று. அவர்கள் தாங்களும் பூனைக்கு எழுத வேண்டும் என்று அவளிடமே தாள் கேட்டார்கள். உங்களிடம் சொன்னபோது, "வீட்டுல மாசி எல்லாம் முடிஞ்சு புள்ள. சம்பலுக்கும் இல்ல. வீட்டுக்காரர் ஏசுறார்" என்றீர்கள். அவ்வளவு சந்தோசமாக மாசித் தட்டுப்பாட்டை அறிவித்த ஆளை நான் பார்த்ததில்லை.

பிறகு பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் சஞ்சனா உங்களிடம் ஓடிவந்து கேட்ட முதல் கேள்வி, "பூனையக் கூட்டிட்டு வரலையா டீச்சர்?" வரவில்லை. ஆனால் ஸ்டூலைக் கொண்டுவந்தீர்கள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்குக் கண்டக்டர் உங்களை, "மிஸ் சீட்டையும் கொண்டே வந்திட்டாங்க" என்று கேலி செய்தாராம். தாள் விளையாட்டு வகுப்புக்குள் தொடர்ந்தது. வருட முடிவில் சஞ்சனா நூலகத்து அலுமாரியில் இருந்த படக்கதைகளை ஒன்றுவிடாமல் வாசித்துவிட்டாள். எழுத்தைப் பார்த்துத்தான் வாசித்தாள். நீங்கள் அவ்வப்போது ஒரு வரியைக் கையால் மறைத்துச் சோதித்தீர்கள். மறைத்தால் நிறுத்திவிட்டு உங்களை முறைப்பாள். அந்த முறைப்பைப் பார்த்து நீங்கள் எவ்வளவு பூரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் நோயைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. நீங்களே அதைப் பற்றி ஒரு மூச்சு அதிகமாகப் பேசியதில்லை. ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு லீவில் போனீர்கள், லீவு நீண்டது, வீட்டோடு இருந்தீர்கள். உங்கள் வகுப்பையும் சேர்த்து நான் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகள் எழுதித் தர, என் போனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பினேன். 'டீச்சர் சோறு சாப்பிடுங்க.' உங்கள் மகள் எடுத்த வீடியோவில் நீங்கள் ஒரு கவளம் சாப்பிட்டீர்கள். 'டீச்சர் மருந்து குடிங்க.' முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தீர்கள். 'டீச்சர் வாங்க' என்று ஒரு பிள்ளை எழுதியதற்கு மட்டும் வீடியோ வரவில்லை. எனக்குப் போன் எடுத்தீர்கள். "இது மட்டும் ஏலாம ஈக்கி புள்ள. நான் போட்ட சட்டத்த நானே மீறுற" என்றீர்கள். நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள்.

கொஞ்ச நாளில் சஞ்சனா ஒரு தாள் கொண்டுவந்தாள். தரம் மூன்றுக்குப் போயிருந்தாள். நல்ல வடிவான எழுத்து. 'டீச்சர் எழும்புங்க.' அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் எழுதியதை அனுப்பாமல் விட எனக்கு என்ன உரிமை? அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை வீடியோ வந்தது. சத்தம் இல்லை. கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். தாளின் படத்தை மகள் காட்டுகிறாள். நீங்கள் வாசிக்கிறீர்கள். கையை ஊன்றி உட்காருகிறீர்கள். காலைக் கீழே இறக்குகிறீர்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறீர்கள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு நேரே பார்த்துச் சிரிக்கிறீர்கள். பூனை உங்கள் கால்களுக்கிடையில் புகுந்து போகிறது. அதை வகுப்பில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்த அன்று நான் அக்குறணைக்கு வந்தேன் டீச்சர். மையித்து வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மா உங்களப் பத்தியே சொல்லிக்கிட்டு ஈந்தாங்க" என்றாள். கிளம்பும்போது இந்த ஸ்டூலைக் கொண்டுவந்து தந்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எந்தக் கண்டக்டரும் கேலி செய்யவில்லை. அழுதேன், ஆசை தீர அழுதேன்.

மறுநாள் சஞ்சனா என்னிடம் வந்தாள். அழவில்லை. ஒரு சந்தேகத்தோடு வந்திருந்தாள்.

"டீச்சர், நான் எழும்புங்கன்னு எழுதினேன். எழும்பினாங்க. அப்புறம் படுங்கன்னு யார் எழுதினா?"

"நான் எழுதலம்மா" என்றேன்.

"நானும் எழுதல." கொஞ்சம் யோசித்தாள். "வேற யாரும் எழுதல. அப்பச் சரி." போய்விட்டாள். அவளுக்கு எது சரியாகப் பட்டது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ஏனோ அதற்குப் பிறகு மனம் கொஞ்சம் அடங்கியது.

இப்போது நமது பள்ளிக்கூடத்தைப் பார்த்தால் உங்களுக்கு ரொம்பச் சந்தோசமாக இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து சுவர் அகலத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தந்திருக்கிறார்கள். எழுத்தைத் தொட்டால் அதுவே உச்சரிக்கும், யானை வந்து கூத்தாடும். நான் ஒரு காலத்தில் போனையே திட்டியவள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். அதில் ஒரு நாளைக்கு ஒருதரமாவது எழுதாவிட்டால் எனக்கே கை அரிக்கிறது. ஆனால் பாடம் பாதியில் சத்தத்தை நிறுத்திவிடுவேன். யானை வாயை வாயைத் திறக்கும், ஒன்றும் கேட்காது. பிள்ளைகள் எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். சாமான் எவ்வளவு பெரிதானாலும் ஒரு இடத்தில் அதன் வாயை மூடிவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டும்.

சஞ்சனா இப்போது தரம் ஏழு. போன வாரம் கோவில் கூட்டத்துக்கு வந்த கடிதத்தைப் பெரியவர்களுக்கு நடுவில் நின்று வாசித்துக் காட்டினாள். அவள் அம்மா ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். படிப்பு வராது என்று சொன்னவள் அவள்தான் என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. வாசிக்கும்போது ஒரு குட்டி நாய் காலடியில் வந்து நின்றது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "சூ, போ அங்கால" என்று விரட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். தோட்டத்தில் அவளைத் தவிர யாரும் இப்படிச் சொல்வதில்லை. அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று இப்போது ஞாபகம் இருக்குமோ என்னவோ. எனக்கு இருக்கிறது. கூட்டத்தில் நான் மட்டும் சிரித்துவிட்டு, ஏன் சிரித்தேன் என்று சொல்ல முடியாமல் இருமிச் சமாளித்தேன்.

மணி அடிக்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள். புழுதியும் வேர்வையுமாக ஓடிவந்த கவிஷா வாசலில் நின்று என்னைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டாள். "ஐயோ டீச்சர், இன்னும் உக்காந்தா இருக்கீங்க?" நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயால் சொல்லிக் கொடுக்கக் கூடாது அல்லவா? தன் மேசைக்கு ஓடினாள். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதுகிறாள். மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

இதோ கொண்டுவந்துவிட்டாள். இரண்டு கையாலும் பிடித்து எனக்கு நேரே காட்டுகிறாள்.

'டீச்சர் எழும்புங்க.'

எழும்புகிறேன், டீச்சர்.